டேபிள் ராக் ஏரியில் குட்டிப் புழு

ஏப்ரல் 10, வியாழன்: ஸ்பிரிங்ஃபீல்ட்

கன்சாஸ் சிட்டியிலிருந்து 13-ஆம் நெடுஞ்சாலையில் மிசோரி மாநிலத்துக்குள் தெற்கே இறங்கினால் ஓசார்க் மலைகள் மெல்லத் தலைகாட்டுகின்றன. மலை என்று அவர்கள் சொல்கிறார்கள். தென்காசிப் பக்கம் வளர்ந்தவன் கண்ணுக்கு அதெல்லாம் மேடுதான். ஆனால் ஏப்ரலில் அழகு. ரெட்பட் மரங்கள் இலை விடும் முன்பே கிளை முழுக்க ரோஸ் நிறத்தில் பூத்து நிற்கின்றன. ஓசியோலா ஊரில் சீஸ் கடை ஒன்றில் நிறுத்தி, ருசி பார்க்கக் கொடுத்த துண்டுகளாலேயே பாதி வயிறு நிறைந்தது.

இந்தப் பயணம் என் யோசனை அல்ல, மச்சினனுடையது. நாலு நாள் டேபிள் ராக் ஏரிக்கரையில் தூங்கலாம், புத்தகம் படிக்கலாம் என்று ஆசைகாட்டித்தான் கூட்டிவந்தான். வண்டியின் பின்பக்கம் முழுக்கத் தூண்டில் ராடுகள் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோதே படிப்பு நடக்காது என்று தெரிந்துவிட்டது.

ஸ்பிரிங்ஃபீல்டில் மதியச் சாப்பாட்டுக்கு முந்திரி சிக்கன். இந்த ஊரின் சொந்தச் சரக்கு இது. டேவிட் லியாங் என்ற சீனச் சமையல்காரர் இங்கே 1963-இல் உணவகம் திறந்தபோது, பொரித்த கோழிக்குப் பழகிய உள்ளூர்க்காரர்களுக்காகக் கோழியைப் பொரித்து, மேலே சிப்பி சாஸ் குழம்பை ஊற்றி, முந்திரியும் வெங்காயத்தாளும் தூவினார். இன்று ஊரில் எந்தச் சீன உணவகத்துக்குப் போனாலும் இது கிடைக்கும். பன்னிரண்டு டாலர், தட்டு நிறைய. மிளகு இன்னும் கொஞ்சம் போட்டிருக்கலாம். மிச்சம் வைக்கவில்லை.

அப்புறம் பாஸ் புரோ ஷாப்ஸ் என்ற தூண்டில் கடை. பாஸ் என்பது இங்கே தூண்டில்காரர்கள் தேடிப் போகும் நன்னீர் மீன். ஜானி மோரிஸ் என்பவர் 1972-இல் தன் அப்பாவின் மதுக்கடையில் கொஞ்சம் இடம் பிடித்துத் தூண்டில் சாமான் விற்க ஆரம்பித்தது இந்த ஊரில்தான். இப்போது உள்ளே நுழைந்தால் வெளியே வர வழி கேட்க வேண்டும். ஒரு சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் புழுக்கள். மண்புழுவை விரலால் கிள்ளி முள்ளில் கோத்துக் கெளுத்தி பிடித்துப் பழகிய எனக்கு, எட்டுப் புழுவுக்கு ஐந்து டாலர் என்றதும் சிரிப்புதான் வந்தது.

"சிரிக்காதீங்க அத்தான். இதுக்கு நம்ம ஊர்க்காரர்தான் வாத்தியார்" என்றான் மச்சினன். அவன் நம்ம ஊர் என்றது கன்சாஸை. லாரன்ஸ் நகரில் இருக்கும் நெட் கெஹ்டி என்ற மீன்பிடி எழுத்தாளர் பெயரில்தான் 'நெட் ரிக்' இருக்கிறது. சின்னக் காளான் வடிவ ஈயத் தலை, அதோடு சேர்ந்த ஒரு முள், அதில் சுண்டுவிரல் நீளத்துக்குப் புழு. விஷயம் இவ்வளவுதான். இந்தப் பாணி கெஹ்டிக்கும் முந்தையது. கன்சாஸ் சிட்டிக்காரரான சக் வுட்ஸ், பீட்டில் ஸ்பின் என்ற தூண்டிலை உருவாக்கியவர், பல பத்தாண்டுகளுக்கு முன்பே சின்ன ஜிக்கில், அதாவது ஈயத் தலை வைத்த முள்ளில், புழு கோத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். கெஹ்டியே அவரைத்தான் கைகாட்டுகிறார்.

எடை பற்றி ஒரு நீண்ட பாடம் அலமாரி முன்னாலேயே நடந்தது. 1/16 அவுன்ஸ் என்றால் இரண்டு கிராம்கூட இல்லை. 1/10 என்றால் மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. இதற்கு மேல் 1/8, 3/16. தலை கனமானால் தூரம் போகும், சீக்கிரம் தரை தட்டும், காற்றிலும் தாக்குப்பிடிக்கும். இலேசானால் புழு தண்ணீருக்குள் மிதந்து மிதந்து இறங்கும், மீன் அதைப் பார்க்க நேரம் கிடைக்கும். எல்லா எடையிலும் ஒவ்வொரு பாக்கெட் வாங்கினான். பில் எழுபது டாலரைத் தாண்டியது. அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றான். சொல்லவில்லை, எழுதத்தான் செய்கிறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி: கிம்பர்லிங் சிட்டி

டேபிள் ராக் இயற்கையான ஏரி அல்ல. வெள்ளை ஆற்றின் குறுக்கே ராணுவப் பொறியாளர் படை கட்டி 1958-இல் முடித்த அணையின் நீர்த்தேக்கம். பள்ளத்தாக்கில் இருந்த மரங்கள் பல இடங்களில் அப்படியே மூழ்கியிருக்கின்றன. படகிலிருந்து குனிந்தால் பத்தடி ஆழத்தில் கிடக்கும் கல் தெரிகிறது. அவ்வளவு தெளிந்த தண்ணீர். நமக்குக் கல் தெரிந்தால் மீனுக்கு நாம் தெரிவோம் என்பது மச்சினன் வாதம்.

காலையில் 70 டிகிரி ஃபாரன்ஹீட், மேக மூட்டம், தெற்கிலிருந்து நல்ல காற்று. வாடகைப் படகில் கிளம்பினோம். இந்த மாதிரி நாளில் குட்டிப் புழுவுக்கு வேலையே இல்லை என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். காற்று தட்டும் சரளைக் கரையில் மச்சினன் ஒரு சிவப்புக் கிராங்க்பெயிட்டை, மீன் மாதிரியான கெட்டிப் பொய் இரையை, வீசி இழுத்தான். விகிள் வார்ட் என்று பெயர், தலையை வெடுக் வெடுக்கென்று ஆட்டிக்கொண்டு வரும். ஓசார்க் ஏரிகளில் வசந்த காலத்தில் பழைய ஆட்கள் இதைத்தான் போடுகிறார்கள். மீன்கள் துரத்தி வந்து அறைந்தன. நான் நெட் ரிக்கைப் போட்டுப் பார்த்தேன். காற்று தங்கூசியை வில்லாக வளைத்து, புழு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் செய்துவிட்டது. கடித்ததா, கல்லில் உரசியதா, எதுவும் புரியவில்லை. பேசாமல் நானும் கிராங்க்பெயிட்டுக்கு மாறினேன்.

மச்சினனின் பெட்டியில் ஒரு விபத்து நடந்திருந்தது. நெட் ரிக் புழுக்களில் ஒரு வகை, வழக்கமான மென்பிளாஸ்டிக் இல்லாமல், ரப்பர் போல நீளும் வேறு பொருளால் ஆனது. எவ்வளவு இழுத்தாலும் கிழியாது, தண்ணீரில் மிதக்கும். ஆனால் அதைச் சாதாரணப் பிளாஸ்டிக் புழுக்களோடு ஒரே பெட்டியில் வைத்தால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். கடைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தால் பிரச்சினை இல்லை. இவன் வண்ணவாரியாக அடுக்குகிறேன் என்று போன மாதமே எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் கொட்டியிருக்கிறான். திறந்தால் பச்சையும் பழுப்பும் கலந்த ஒரு கட்டி. விரலில் ஒட்டிய பிசுபிசுப்பு சோப்புப் போட்டும் போகவில்லை.

படகுத்துறை மனிதர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். "எங்கேயிருந்து வருகிறீர்கள்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "கன்சாஸ் சிட்டி" என்றால் சரி என்று தலையாட்டி, அடுத்த கேள்வியாக "எந்த இரையில் கடிக்கிறது?" என்கிறார்கள். "அதற்கு முன்னால் எங்கே, உண்மையில் எந்த நாடு?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்கும் இரண்டாம் கேள்வி வரவேயில்லை. ஒரு பெரியவர் எங்கள் படகின் கயிறு தளர்ந்திருப்பதைப் பார்த்து, கேட்காமலே வந்து இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். துறையின் இன்னொரு பக்கம் சிலர் பெரிய மும்முனை முட்களோடு மேல் ஆற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். துடுப்பு மீன் பிடிக்கிறார்களாம். அது இரையைக் கடிக்காது, மிதவை உயிரிகளை வடிகட்டித் தின்னும் மீன். அதனால் வெறும் முள்ளை இழுத்து உடம்பில் மாட்டித்தான் பிடிக்க வேண்டும். அதற்கென்று ஏப்ரல் கடைசி வரை ஒரு பருவம் உண்டு.

இரவு எட்டு மணிக்கு இடி. பத்து மணிக்குக் கரண்ட் போயிற்று. ஃபோன் வெளிச்சத்தில் ரொட்டியும் வேர்க்கடலை வெண்ணெயும், அதன் மேல் வீட்டிலிருந்து எடுத்துப்போன பருப்புப் பொடியும். மோசமில்லை.

ஏப்ரல் 12, சனி

விடிந்தபோது வானம் துடைத்துவிட்ட நீலம், 41 டிகிரி, வடக்கிலிருந்து மெல்லிய காற்று. பாஸ் மீன்காரர்கள் பயப்படும் வானிலை இதுதான். புயல் கடந்த மறுநாள் மீன் வாயைக் கட்டிக்கொள்ளும் என்பார்கள். ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம்: காற்றழுத்தம், வெளிச்சம், குளிர். துரத்தாது என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள்.

இன்று அரை நாளுக்கு ஒரு வழிகாட்டி பேசி வைத்திருந்தோம். நானூறு டாலர், டிப்ஸ் தனி. ஐந்தரைக்கே ஒரு சாலையோர உணவகத்தில் சந்தித்தோம். எழுபது வயதுக்கு மேல் இருக்கும், ஒல்லியான மனிதர், அவசரமே இல்லாத பேச்சு. பரிமாறிய அம்மா எங்கள் எல்லோரையும் "கண்ணு" என்கிற தோரணையில் அழைத்து, பிஸ்கட்டும் (இங்கே அது பன் மாதிரி மெத்தென்று இருக்கும்) கிரேவியும் கொண்டுவந்து வைத்தார். பன்றி சாசேஜ் உதிர்த்த வெள்ளைக் குழம்பு, மிளகு தாராளம். முந்தாநாள் முந்திரி சிக்கனில் விட்டுப்போன மிளகெல்லாம் இதில் வந்து சேர்ந்துவிட்டது போல. ஏழு டாலர். காபி கேட்கக் கேட்க ஊற்றிக்கொண்டே இருந்தார்.

வழிகாட்டிப் பெரியவர் படகில் எங்கள் ராடுகளை ஒதுக்கி வைத்துவிட்டுத் தன்னுடையதைக் கொடுத்தார். ஏழடி நீளம், நுனி மெலிசு. ரீலில் பத்து பவுண்டு தாங்கும் பின்னல் நூல், அதன் நுனியில் ஆறு பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன் நூல், தண்ணீரில் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத வகை. 1/10 அவுன்ஸ் காளான் தலை. இரண்டே முக்கால் அங்குலப் புழு, கிரீன் பம்ப்கின் நிறம். அது பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை. இங்கே யார் பெட்டியைத் திறந்தாலும் முதலில் இருப்பது அந்த நிறம்தான்.

சின்னச் சரளையும் பெரிய கல்லும் சந்திக்கும் இடத்தைத் தேடிப்பிடித்துப் படகை நிறுத்தினார். ஆழம் பத்தடி. "வீசுங்கள். விழட்டும். ஒன்றும் செய்யாதீர்கள்" என்றார்.

வீசினேன். தண்ணீரில் விழுந்த புழு இறங்க இறங்க நூலை முழுக்கத் தளர விடவும் கூடாது, இழுத்துப் பிடிக்கவும் கூடாது. இறுக்கினால் புழு ஊசல்போல நம் பக்கம் வந்துவிடும், நேராக இறங்காது. அரைத் தளர்ச்சியில் விட்டு, நூல் தண்ணீரைத் தொடும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மனதுக்குள் எண்ண வேண்டும். அந்த இடத்தில் பத்து எண்ணினால் தரை என்று தெரிந்துவிட்டால், ஏழிலேயே நூல் நின்றுபோனால் மீன். பாதிக் கடி இறங்கும்போதே வந்துவிடுகிறது.

தரை தொட்ட பிறகு நம் கை சும்மா இருக்காது. இழுக்கச் சொல்லும், ஆட்டச் சொல்லும். பெரியவர் அதைத்தான் தடுத்தார். "இருபது வரை எண்ணுங்கள். அப்புறம் ஒரு முழம் இழுங்கள். மறுபடியும் இருபது." காளான் தலையின் தட்டையான முகம் தரையில் உட்காரும். மிதக்கும் புழு அதன் மேல் வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். கல்லிடுக்கில் கிடக்கும் நன்னீர் இறால் வகை ஒன்று, கிராடாட் என்று இந்தப் பக்கம் சொல்கிறார்கள், எதிரியைக் கண்டால் கொடுக்கைத் தூக்கி நிற்கும். இதுவும் அப்படித்தான் தெரியும் போல. தண்ணீரின் இலேசான அசைவே புழுவை ஆட்டிவிடும். நாம் ஆட்டுவது அதிகப்படி.

முதல் கடி கொத்தலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. நூலில் ஈரத்துணி மாட்டிய கனம், அவ்வளவுதான். வெட்டி இழுக்கப் போன என் முழங்கையைப் பெரியவர் பிடித்துக்கொண்டார். "சுற்றுங்கள், சும்மா சுற்றுங்கள்." ரீலைச் சுற்றிக்கொண்டே ராடைப் பக்கவாட்டில் நகர்த்தினேன். இந்த முள் மெல்லிய கம்பி, கூர்மை அதிகம், நம் பலம் தேவையில்லை. வெட்டினால் முள் விரியும், அல்லது ஆறு பவுண்டு நூல் அறும். ராடு வளைந்தது. ரீலின் டிராக் கிர்ரென்று நூலை விட்டுக்கொடுத்தது. படகுக்கு அருகே வந்த பிறகு இன்னொரு தரம் ஆழத்துக்குப் பாய்ந்தது. அந்தப் பாய்ச்சலில்தான் எனக்குக் கை நடுங்கியது.

புள்ளி பாஸ். கென்டக்கி என்றும் சொல்கிறார்கள். கீழ்த் தாடையைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கச் சொல்லி, நாக்கைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு, நாக்கின் மேலேயே ஒரு பல் திட்டு. பெரிய வாய் பாஸுக்கு மேல் தாடை கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும், இதற்குப் போகாது. சிறிய வாய் பாஸ் என்றால் வெண்கல நிறமும் செங்குத்துக் கோடுகளும். மூன்று இனமும் இந்த ஏரியில் உண்டு. பதினைந்து அங்குலம் இல்லாவிட்டால் எதையும் வைத்துக்கொள்ள முடியாது. இது பதினாலே முக்கால். பெரியவர் அளவுப் பலகையில் வாலைக் கிள்ளி நீட்டிப் பார்க்கவும் இல்லை, தண்ணீரில் விட்டுவிட்டார்.

மச்சினனுக்குத்தான் சோதனை. அவனால் மூன்று வரைகூட எண்ண முடியவில்லை. ராடு நுனி துடித்துக்கொண்டே இருந்தது. நான் அடுத்தடுத்து மீனேற்ற, அவன் பெரியவரிடம் நிறம் மாற்றலாமா, எடை மாற்றலாமா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். "புழுவில் குறையில்லை" என்றார் அவர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது மணிக்கு மேல் அவன் காபி ஊற்றிக்கொள்ள ராடைத் தொடையிடுக்கில் வைத்தபோது கடித்தது, அன்றைய பெரிய மீன், சிறிய வாய் பாஸ், பதினேழு அங்குலம். காபி முழுக்கப் படகில். "என்ன மாப்ளே, எத்தனை எண்ணினே?" என்றேன். பதில் இல்லை.

திறந்த முள்ளுக்கு ஒரு தண்டனை இருக்கிறது. மூழ்கிய தேவதாரு மரங்கள் பக்கம் போனால் ஒவ்வொரு வீச்சும் நேர்ச்சைக் கடன்தான். பல ஜிக் தலைகளை ஏரிக்குக் கொடுத்தோம். அங்கே பெரியவர் ஷேக்கி ஹெட்டுக்கு மாற்றினார். உருண்டைத் தலை, முள் அகலம், புழுவும் ஐந்தாறு அங்குல நீளம். முள்ளின் நுனியைப் புழுவின் உடம்புக்குள்ளேயே புதைத்துவிடுவதால் கிளையில் மாட்டாமல் ஏறி இறங்கும். இதற்கு மட்டும் கொஞ்சம் ஆட்டம் வேண்டும், அதுவும் தளர்ந்த நூலில், புழு நகராமல் வால் மட்டும் நடுங்கும்படி. மச்சினனுக்கு இது பிடித்துவிட்டது. கை துடிப்புக்கு வேலை கிடைத்ததே.

மதியத்துக்கு மேல் எனக்குத் தோள் கழன்றுவிட்டது. அணைக்குக் கீழே ஷெப்பர்ட் ஆஃப் தி ஹில்ஸ் மீன் பண்ணையில் டிரவுட் என்ற குளிர்நீர் மீன்களின் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அணையின் ஆழத்திலிருந்து வரும் நீர் கோடையிலும் சில்லிட்டிருக்கும். அதனால் அணைக்கு மேலே பாஸ், கீழே டேனிகோமோ ஏரியில் டிரவுட். ஒரே ஆறு, ஒரு சுவர், இரண்டு உலகம். தொட்டி டிரவுட்டுகள் இருபது எண்ணச் சொல்வதில்லை. தீனி தண்ணீரில் பட்டதும் பாய்கின்றன.

ஏப்ரல் 13, ஞாயிறு

படகைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. ஊருக்குக் கிளம்பும் முன் கேபினுக்குக் கீழே கரையிலிருந்தே ஒரு மணி நேரம். காற்று சுத்தமாக இல்லை, தண்ணீர் கண்ணாடி. 1/16 போட்டேன். வீசினால் பெரிய தூரம் போகவில்லை. ஆனால் இறங்குகிற வேகம் அத்தனை மெதுவு, தரை தொடும் முன்பே நூல் பக்கவாட்டில் நடக்க ஆரம்பித்தது. கரையோரச் சரளையில் ஆண் மீன்கள் கூடு கட்டும் நேரம் நெருங்குகிறது. வாலால் துடைத்த வெளிர் வட்டங்கள் ஒன்றிரண்டு தெரிந்தன. கூட்டைக் காவல் காக்கும் மீனைப் பிடிக்கலாமா என்று இங்கே பெரிய வாக்குவாதமே உண்டு. சட்டம் தடுக்கவில்லை. எனக்கு மனசு வரவில்லை, ஆழத்துப் பக்கம் திரும்பி வீசினேன். மச்சினனின் பின்வீச்சில் ஷேக்கி ஹெட் மேலே ஓக் மரத்தில் ஏறி நின்றது. இழுத்ததில் கிளையோடு வந்தது.

திரும்பும் வழியில் கொஞ்சம் சுற்றி 65-ஆம் நெடுஞ்சாலைக்குப் போய், ஓசார்க் ஊரில் லாம்பர்ட்ஸ் உணவகம். பரிமாறுபவர் தள்ளுவண்டியோடு நின்று சூடான பன்னைத் தூக்கி வீச, நாம் நாற்காலியில் இருந்தபடியே பிடிக்க வேண்டும். ஞாயிறு என்பதால் முக்கால் மணி நேரம் வாசலில் காத்திருப்பு. எனக்கு வந்தது பக்கத்து மேசைத் தாத்தாவின் தட்டில் விழுந்தது. அவர் அதை எடுத்து மறுபடி எனக்கு வீசினார், குறி தப்பாமல். சாப்பாட்டோடு பாத்திரங்களில் வைத்துக்கொண்டு சும்மாவே சுற்றிப் பரிமாறுகிறார்கள்: பொரித்த வெண்டைக்காய், காராமணி, உருளைக்கிழங்கு வெங்காயம். வெண்டைக்காயை மட்டும் மூன்று தரம் வாங்கினோம்.

நாளை சித்திரை ஒன்று. வேப்பம்பூ வீட்டில் காய்ந்தது இருக்கிறதா என்று கேட்க வழியிலேயே மனைவிக்கு ஃபோன் செய்தேன். இருக்கிறதாம், மாங்காய்தான் வாங்கி வரவேண்டுமாம். மீன் கொண்டுவருகிறீர்களா என்றாள். எல்லாவற்றையும் தண்ணீரிலேயே விட்டுவிட்டோம் என்றதும் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் தன் தம்பியிடம் ஃபோனைக் கொடுக்கச் சொன்னாள்.

அது முடிந்ததும் வண்டிக்குள் மறுபடி எடைச் சண்டை. எப்போதும் 1/8 போதும், தரை எங்கே என்று தெரிய வேண்டாமா என்கிறான் அவன். காற்றில்லாத நாளில் 1/16-க்கு மேல் தேவையில்லை என்பது என் கட்சி. கிளின்டன் ஊரைத் தாண்டும்வரை ஓயவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரியில் அடுத்த சனிக்கிழமை போட்டுப் பார்த்துவிடுவதென்று முடிவாகியிருக்கிறது. நான் 1/16, அவன் 1/8, புழு இருவருக்கும் ஒன்றே, கிரீன் பம்ப்கின்.